தலைமாடு உயர்ந்த விவகாரம்

செவிலியர்கள் இனிமேல் சொந்த மூளையைப் பயன்படுத்தலாம் என்று அந்த மருத்துவமனை நிர்வாகம் முடிவு செய்தது. பெரிய மருத்துவமனைகளில் எல்லாம் இப்போது இதுதான் மோஸ்தராம். விழா எடுத்து, ஒவ்வொரு செவிலியின் சட்டையிலும் 'நானே தீர்மானிப்பேன்' என்ற வில்லையைக் குத்தினார்கள். ஒரே ஒரு நிபந்தனை: தீர்மானிக்கும் முன் சுயதீர்மானக் குழுவிடம் அனுமதி பெற வேண்டும்.

இருதய வார்டில் வரி அதிகாரி ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். காலையிலிருந்தே மூச்சு வாங்கியது. மதியம் உதடு நீலம் பாரித்தது. டாக்டரை அழைத்துவர ஆள் அனுப்பிய செவிலி, அவர் வருவதற்குள் கட்டிலின் தலைமாட்டை உயர்த்திவிட நினைத்தார். கால்மாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் போதும். குழுவின் தலைவரான கண்காணிப்பாளருக்குப் போன் போட்டார்.

"எவ்வளவு உயர்த்தணும்?"

"பாதி உட்கார்ற மாதிரி, சார்."

"அப்ப அது படுக்கையா, நாற்காலியா? நாற்காலின்னா தளவாடப் பிரிவையும் கேக்கணுமே."

"உதடு நீலமாயிட்டு வருது, சார்."

"லேசான நீலமா, அடர்த்தியா? குழுவில கேப்பாங்க."

அதிகாரியின் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "என்னம்மா பேசிக்கிட்டே இருக்கீங்க? மனுஷன் போயிடுவார் போலிருக்கே!"

செவிலி ரிசீவரைப் பொத்திக்கொண்டார். "அக்கா, நான் தொட்டா விதிமீறல். பெண்டாட்டி தொடக்கூடாதுன்னு இன்னும் உத்தரவு வரலை."

அந்த அம்மாள் சுற்றிய வேகத்தில் கட்டில் அலறிக்கொண்டு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் கணவரின் மூச்சு சீரானது. முகத்தில் ரத்தம் திரும்பியது.

டாக்டருக்கு முன்பாகக் குழு வந்து சேர்ந்தது.

"யார் உயர்த்தினது?"

"நான்தான். என் புருஷன், என் கை. என்ன இப்போ?"

கண்காணிப்பாளர் நயமாக விளக்கினார். கட்டிலை உயர்த்துவதில் குழுவுக்கு ஆட்சேபணையே கிடையாது. ஏகமனதாக அனுமதி தந்தாகிவிட்டது. ஆனால் உயர்ந்து நிற்கும் கட்டிலை எப்படி உயர்த்துவது? ஆகவே முதலில் இறக்க வேண்டும். அதன்பின் செவிலி சுயமாகத் தீர்மானித்து உயர்த்துவார்.

"இறக்கினா மறுபடி திணறுவார், சார்."

"திணறினாத்தானே நீங்க தீர்மானிக்க முடியும்?"

மனைவி கைப்பிடியை மறைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அதிகாரி, புதிதாகக் கிடைத்த மூச்சைக் கொண்டு பேசினார்.

"தள்ளி நில்லு. யாரைக் கேட்டு ஏத்தினே?"

"என்னங்க, உங்க உயிருக்காகத்தானே..."

"என் ஆபீஸ்ல முறைப்படி இல்லாம ஒரு காகிதம் நகர்ந்ததில்லை. என் கட்டில் மட்டும் நகரலாமா? நீங்க இறக்குங்க சார்."

பார்வையாளர் நேரம். மற்ற நோயாளிகளைப் பார்க்க வந்திருந்த எங்களுக்குப் புல்லரித்துவிட்டது. இப்படி ஒரு நேர்மையான மனிதரை யார் பார்த்தது? பக்கத்துக் கட்டில்காரர் ட்ரிப்ஸ் ஏறும் கையாலேயே தட்டினார். "இவரைப் போல நாலு பேர் இருந்தா நாடு எங்கேயோ போயிடும்" என்றார் ஒருவர். எல்லோரும் அவரைக் கிட்டத்தில் பார்க்க முண்டியடித்ததில் செவிலியும் அந்த அம்மாளும் பின்னுக்குப் போய்விட்டார்கள்.

தளவாடப் பிரிவு கட்டிலை இறக்கியது.

"இப்ப தீர்மானியுங்க, சிஸ்டர்" என்றார் கண்காணிப்பாளர்.

செவிலி கைப்பிடியை நோக்கிப் பாய்ந்தார். எங்களைத் தாண்டி அவரால் வர முடியவில்லை. "வழி விடுங்க, வழி விடுங்க" என்று அவரும் அந்த அம்மாளும் கத்தியது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. அதிகாரி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி, வாயைத் திறந்து திறந்து மூடினார். நன்றி சொல்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினோம்.