மாணவருக்கு மட்டும்

"மாணவர் அட்டை இல்லாம விலைக்கழிவு போட ஏலாதும்மா," என்றாள் ஆஸியா. கம்ப்யூட்டர் கடையின் நீலச் சட்டைக்குள் அந்த விற்பனைப் பெண் வியர்த்துப் போயிருந்தாள்.

"அட்டை இருக்கு மகள். மகன் கையில இருக்கு. மகன் பேராதனை கெம்பஸ்ல படிக்கிறான்."

மாத்தளைச் சந்தையில் மரக்கறி விற்கும் காத்தாயி, சொன்ன விலைக்கு எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவள். கடை வாசலில் 'பல்கலைக்கழக மாணவருக்கு மட்டும் விசேட விலைக்கழிவு' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவள் மகன் ராஜாவோ அந்தப் பரம்பரையிலேயே கெம்பஸ் வாசலை மிதித்த முதல் பிள்ளை. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் லெப்டொப்போடு திரிய, இவன் மட்டும் வெறுங்கையோடு நின்று படிப்பில் பின்தங்கிப் போவதா? நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சேர்த்த காசுக்குக் கழிவும் கிடைத்தால்தான் லெப்டொப் எட்டும்.

வெளியே வந்து மகனுக்குப் போன் போட்டாள்.

"எனக்கு லெப்டொப் எல்லாம் வேணாம்மா," என்றான் ராஜா.

"என் கஷ்டத்த நீ பாக்காத. அட்டையக் கொண்டா."

"அட்டை தொலைஞ்சிருச்சும்மா."

காத்தாயிக்குப் பகீரென்றது. யுத்தம் நடக்கிற இந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் ஒரு தமிழ்ப் பையன் அட்டையைத் தொலைப்பது குடையைத் தொலைக்கிற மாதிரியா? கண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை இடத்தில் பஸ்ஸை நிறுத்தி, அட்டை எங்கே என்று கேட்கிறார்கள்.

"அங்கயே நில்லு. இந்தா பஸ் ஏறுறேன். ரெண்டு பேருமா போயி பொலிசுல சொல்லி எழுதி வைப்போம்."

பொலிஸ் என்றதும் ராஜா அவசரமாகக் குறுக்கிட்டான்.

"இல்லம்மா, இப்பதான் ஞாபகம் வருது. புதுசாக்க கெம்பஸ் ஆபீசுல குடுத்திருக்கேன்."

"அப்ப ஆபீசுல ஒரு கடிதம் வாங்கு."

"அங்க ஸ்ட்ரைக்கும்மா."

அட, என்னமாய் அளக்கிறான்! அம்மா காசைச் செலவழித்துவிடக் கூடாதாம், அதற்குத்தான் இத்தனை பொய்யும். காத்தாயி உருகிப் போனாள். உருகின கையோடு நேரே தங்கள் ஊரான உக்குவளையின் கிராம சேவகரிடம் போய் நின்று, தெரிந்த சிங்களம் அத்தனையும் பேசி ஒரு கடிதம் வாங்கிவிட்டாள்.

ஆஸியா அதைப் படித்துப் பார்த்தாள். "இதுல உங்க மகன் உக்குவளையில குடியிருக்கார்னுதானே இருக்கு."

"பின்ன, படிக்காமலா குடியிருக்கான்?"

கடை முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். காத்தாயி அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்து மறுபடியும் போனை எடுத்தாள்.

"நாளைக்கு நானே கெம்பசுக்கு வர்றேன். அங்க உள்ள பெரியவரப் பாத்து நாலு வார்த்த கேக்கணும்."

"ஐயோ, வராதீங்கம்மா. லெப்டொப்ப நானே வாங்கிக்கிறேன். மெல்ல மெல்லக் காசு கட்டுறேன்."

"முழு விலை குடுத்தா? என் வயித்துல பொறந்துட்டு முழு விலையாடா குடுக்கப் போற?"

போனை வைத்துவிட்டாள். இனி இவனை நம்பிப் பிரயோசனமில்லை.

மறுநாள் காலையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ராஜாவின் போட்டோவைச் சட்டத்தோடு கழற்றினாள். போன தீபாவளிக்கு அவன் கொண்டுவந்து கொடுத்தது. நீலச் சட்டை, கழுத்தில் டை, எண்ணெய் வைத்து வாரின தலை. கெம்பஸில் எல்லாரும் இப்படித்தான் உடுத்துவார்கள் என்று சொல்லியிருந்தான். போட்டோவைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு, கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றாள். திறந்ததும் உள்ளே நுழைந்து ஆஸியாவின் மேசையில் அதை நிமிர்த்தி வைத்தாள்.

"நல்லாப் பாரு மகள். படிக்காத புள்ள மொகமா இது? டையப் பாரு. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும் ஒங்களுக்கு? இன்னக்கி கழிவு வாங்காம நான் இந்த இடத்த விட்டு நகர மாட்டேன்."

ஆஸியா தன் நீலச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே குனிந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அட, இவரு நம்ம கடையோட கண்டிக் கிளை ராஜாதானே! ரெண்டு வருஷமா அங்க வேலை செய்றவருக்கு எதுக்கும்மா மாணவர் கழிவு, ஸ்டாஃப் கழிவு அதவிடக் கூடவாச்சே."