பாப்பாவை அனுப்பி வைப்பது சம்பந்தமாக

என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். உடம்பும் ஏறக்குறைய முழுசாகவே இருக்கிறது. எனக்கு மட்டும் இடது புருவம் இல்லை. அது போன விதத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே நீங்களும் அக்காவும் எல்லாப் புருவங்களோடும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன விடுமுறைக்கு வந்திருந்தபோது எங்கள் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "மாப்பிள்ள, இந்த வீட்ல படிக்கிறதுக்குன்னு என்ன இருக்கு சொல்லுங்க? மெத்தை கேட்டலாக் ஒண்ணு, பழைய டெலிபோன் டைரி ஒண்ணு. பொண்ணுக்கு ஒம்பது வயசாச்சு, வாயத் தொறந்து ஒரு கேள்வி கேக்க மாட்டேங்கிறா. அடுத்த லீவுக்குள்ள புஸ்தகத்து மேலயும் சயின்ஸ் மேலயும் அவளுக்கு ஒரு ஆச வரணும். வரலேன்னா நான் கூட்டிட்டுப் போயிடறேன். என் வீட்ல இருந்து படிக்கட்டும்." கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர் சொன்னால் மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறவன் என்ன சொல்ல முடியும்? உங்கள் தங்கை என் பக்கம் நிற்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் உங்களுக்குக் காபி போடப் போய்விட்டாள். ஊருக்குப் போனதும் ஒரு பெட்டி நிறையப் புத்தகமும் ஒரு மைக்ராஸ்கோப்பும் அனுப்பி வைத்தீர்கள். இப்போது விடுமுறை வந்துவிட்டது. என்ன முடிவு என்று போனில் கேட்டீர்கள். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன். பாப்பாவை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் மச்சான். என்னால் ஆகவில்லை. ஆகவில்லை என்பதற்கு ஆதாரங்களைக் கீழே வரிசையாக வைக்கிறேன்.

முதலில் புத்தகங்கள். எங்கள் கடையில் புது மெத்தை வந்தால் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மாட்டோம், பிரித்தால் கேரண்டி போய்விடும் என்று வாடிக்கையாளரையும் பிரிக்க விட மாட்டோம். அந்தப் பழக்கத்தில் நீங்கள் அனுப்பிய புத்தகங்களுக்கு ஒவ்வொன்றாகக் கனத்த பிளாஸ்டிக்கில் உறை போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஹாலில் கண்ணாடி அலமாரியில் அழகாக நிற்க வைத்துப் பூட்டி, சாவியை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஆசை வருகிறதா என்று சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா அந்த அலமாரியைக் கடந்து போவாள், வருவாள். விலையைப் பார்த்துவிட்டு மெதுவாக நகர்கிற வாடிக்கையாளர் மாதிரி ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். உங்கள் தங்கைதான் பொறுக்க முடியாமல், "இது புத்தகம் வக்கிற எடமா, பொணம் வக்கிற எடமா? தொறந்து விடுங்க, புள்ள மூச்சு விடட்டும்" என்றாள். அலமாரியைத் திறந்தேன். உறையைப் பிரிக்க மட்டும் மனம் வரவில்லை.

அடுத்து, பெற்றவன் படித்தால் பிள்ளை படிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, விண்வெளிப் புத்தகம் ஒன்றை நானே எடுத்து, மேலுறையை மட்டும் ஓரமாகக் கிழித்து, அவள் காதில் விழும்படி உரக்கப் படித்தேன். கருந்துளையிலிருந்து வெளிச்சம்கூடத் தப்ப முடியாது என்று போட்டிருந்தது. பாப்பா பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டு, "அப்போ அது அங்க இருக்குன்னு எப்படிப்பா கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டாள். மச்சான், அவள் கேட்ட முதல் கேள்வி அது! நான் அதைக் கையில் ஏந்திக் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் மறு மூச்சுக்குள் பதில் வந்தாக வேண்டும், 'தெரியாது' என்ற சொல் வந்தால் அந்த மெத்தை அன்றைக்கு விற்காது. என் வாய் தன்பாட்டுக்கு, "பெரிய டார்ச் அடிச்சுப் பாத்திருப்பாங்க கண்ணு" என்றது. அவள் கொஞ்சம் யோசித்து, "அந்த வெளிச்சமும் உள்ள போயிடுமேப்பா" என்றாள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவள் பென்சிலைச் சீவப் போய்விட்டாள். அதற்கு அடுத்த பக்கத்திலேயே நான் தூங்கிவிட்டதாக உங்கள் தங்கை சொல்கிறாள்.

மூன்றாவதாக, என் புருவம். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் உள்ளே ஏறும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. ஏன் ஏறுகிறது என்பதைக் குனிந்து விளக்கிக்கொண்டே டம்ளரைக் கவிழ்க்க மறந்துவிட்டேன். முடி கருகும் வாசம் வந்தபோது அது சோதனையின் ஒரு பகுதி என்றுதான் முதலில் நினைத்தேன். "அறிவியலுக்காக எத்தனையோ பேர் உயிரையே குடுத்திருக்காங்க, அப்பா ஒரு புருவம் குடுத்தேன்" என்று அமைதியாகத்தான் சொன்னேன். பாப்பா தரையில் புரண்டு சிரித்தாள். சிரிப்பை ஆர்வத்தின் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு மைக்ராஸ்கோப். முதலில் நான்தான் கண்ணை வைத்தேன். கறுப்பாக, வளைந்து, வரிசையாக என்னமோ தெரிந்தது. கிருமி, பயங்கரமான கிருமி என்று வீட்டையே கூட்டிவிட்டேன். என் கண்ணிமை முடி அது. அதற்கப்புறம் பாப்பா என்னை நகரச் சொல்லிவிட்டு, என் தலையணையை ஒரு கறுப்புக் காகிதத்தின் மேல் தட்டி, விழுந்த தூசியை எடுத்து வைத்துப் பார்த்தாள். குமிழை இப்படியும் அப்படியும் திருகினாள். "அப்பா... நடக்குது" என்றாள். நானும் பார்த்தேன். வெள்ளையாக, உருண்டையாக, எட்டுக் காலோடு ஒன்று என் தலையணையிலிருந்து வந்து நிதானமாக நடந்துகொண்டிருந்தது. "இது என்னப்பா?" என்றாள். வாயைத் திறந்தேன். எத்தனையோ மெத்தை விற்ற வாய் மச்சான், அன்றைக்குத்தான் முதல் முறையாக, "தெரியலையே கண்ணு" என்றது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அடுத்த நிமிஷம் அலமாரிக்கு ஓடி, உறைகளைப் பல்லாலேயே கிழித்து, புத்தகம் புத்தகமாகத் தரையில் போட்டுத் தேடி, கடைசியில் அந்தப் பூச்சியின் படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். நம் தோலிலிருந்து உதிர்வதைத் தின்று படுக்கைக்குள் வாழ்கிற தூசிப் பூச்சியாம். உங்கள் தங்கை எல்லாத் தலையணைகளையும் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது சொன்னது: "இத்தன வருஷமா ஊருக்கெல்லாம் மெத்த வித்தீங்களே, உள்ள யார் குடியிருக்காங்கன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

இத்தோடு நின்றிருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதமே இல்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கைக்கு மருந்துக் கடையில் டியூட்டி என்பதால் பாப்பாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாட்டசாட்டமான ஒருவர் மனைவியோடு வந்து, இருப்பதிலேயே உயர்ந்த மெத்தையில் படுத்துப் பார்த்தார். கண் சொக்கிவிட்டது. கண் சொக்கினால் பில் போட்ட மாதிரிதான். பாப்பா அவர் தலைமாட்டில் போய் நின்று, ரொம்ப மரியாதையாக, "அங்கிள், கடைக்கு வர்றவங்க எல்லாரும் இதுலதான் படுத்துப் பாக்கறாங்க. உள்ள நெறைய பேர் இருப்பாங்க. எட்டு காலு. நம்ம தோலத்தான் சாப்பிடுவாங்க" என்றாள். அந்த மனிதர் துள்ளி எழுந்ததைப் பார்த்து அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போய்விட்டார். முதலாளி ஓடி வந்தார். "சின்னப் புள்ள சார், கத சொல்லுது" என்று சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொல்லுய்யா, கததானே?" வாடிக்கையாளர் என்னைப் பார்த்தார். பாப்பாவும் பார்த்தாள். 'கததான் சார்' என்று என் தொழில்புத்தி நாக்கு நுனிவரை கொண்டுவந்து வைத்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "இருக்கு சார். இந்த மெத்தையில பாக்கல. எங்க வீட்டுத் தலகாணியில நானே பாத்தேன். இதுலயும் இருக்கும்" என்றேன். அவர்கள் போய்விட்டார்கள். முதலாளி கத்தவில்லை. "விஞ்ஞானியப் பெத்தவர் நீங்க. கவுண்டர்ல எதுக்கு நின்னுகிட்டு? குடோன்ல போய் ஆராய்ச்சி பண்ணுங்க" என்றார். இப்போது குடோனில்தான் இருக்கிறேன். இந்தக் கடிதமும் ஒரு டபுள் மெத்தைக் கட்டின் மேல் வைத்து எழுதுவதுதான், கையெழுத்து அமுங்கியிருந்தால் மன்னிக்கவும்.

ஆசை வந்துவிட்டது மச்சான், அதை மறைக்கவில்லை. வராவிட்டால் அனுப்பு என்றீர்கள். வந்துவிட்டது, அதனால்தான் அனுப்புகிறேன். சாப்பிடும்போது கேள்வி, குளிக்கும்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி. பூச்சிக்குத் தூக்கம் வருமா, அதற்கும் ஒரு பூச்சி உண்டா, தோல் தினமும் உதிர்ந்தால் நாம் ஏன் தேய்ந்து போகவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்: தெரியலையே. பத்தாவதைத் தட்டுத் தடுமாறித் தாண்டியவன் நான். இவ்வளவு பசியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எத்தனை நாள் வெறும் தட்டை நீட்டுவது? உங்கள் வீட்டில் சுவர் நிறையப் புத்தகம், கேட்டால் சொல்ல நீங்கள். அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அதிகம் யோசிக்கவில்லை. உங்கள் தங்கை அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்குகிறாள், சரியில்லை என்று எடுக்கிறாள், மறுபடி அடுக்குகிறாள். நீங்கள் வருகிற தேதியைச் சொன்னால் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

நீங்களும் அக்காவும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் இருந்து எங்கள் பிள்ளையை ஆளாக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் பாப்பாவிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "மாமாவுக்கு எல்லாம் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். "எல்லாம் தெரியும் கண்ணு, எத கேட்டாலும் டக்குன்னு சொல்லிடுவாரு" என்றேன். "அப்போ அங்க போய் நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு, மைக்ராஸ்கோப்பைத் துடைக்கப் போய்விட்டாள். உங்கள் தங்கை பெட்டியைக் கவிழ்த்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் சும்மா பார்த்துவிட்டுப் போக வாருங்கள். வரும்போது உங்கள் தலையணை உறையைத் துவைக்காமல் கொண்டு வரச் சொன்னாள் பாப்பா. படித்தவர்கள் வீட்டுப் பூச்சி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம்.