அலங்குக்கு நான்கு காவலர்கள்

ஒரு காட்டில், பங்குனி வெயில் மூங்கில் இலைகளை வறுத்தெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், யானைகள் குளித்து முடித்துக் கரையேறிய ஒரு மாலை நான்கு மணிக்கு, சுருளியாண்டி என்னும் அலங்கு தண்ணீர் குடிக்கப் போய்ச் சேறு குடித்துத் திரும்பியது. அன்றைக்கே அது தேர்தலில் நிற்பதென்று முடிவு செய்தது.

அலங்கைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சொல். பூனையைவிடச் சற்றே பெரிய உடம்பு; நீண்ட வால்; தலை முதல் வால்நுனி வரை ஓடு வேய்ந்தாற்போல அடுக்கடுக்காகச் செதில்கள். உணவு எறும்பும் கரையானும். ஆபத்து வந்தால் ஓடாது, கடிக்காது. தலையை வயிற்றுக்குள் நுழைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அந்தப் பந்தைப் புலியாலும் பிரிக்க இயலாது. காவலர் தேவைப்படாத பிராணி ஒன்று காட்டில் உண்டென்றால், அது அலங்குதான்.

சுருளியாண்டியின் கோரிக்கை நியாயமானது. நீர்த்துறையில் பெரிய பிராணிகள் முதலில் இறங்கிக் கலக்கிவிடுவதால், சின்னப் பிராணிகளுக்குச் சேறே மிஞ்சியது. சின்னவற்றுக்கென்று தனிப் படித்துறை வேண்டும். நீர்த்துறைத் தலைவராக வந்தால் அதைக் கட்டுவதாகச் சொல்லி, குடும்பச் சொத்தான கரையான் புற்றை டெபாசிட்டாக வைத்து, தேர்தல் அதிகாரியான கொக்கிடம் மனுக் கொடுத்தது. மனுவை வாங்கிக்கொண்ட கொக்கு, வேட்பாளராகிவிட்டபடியால் சுருளியாண்டி இனி ‘அவர்’ என்றே குறிக்கப்படுவார் என்று அறிவித்தது.

“அதோட, வேட்பாளருக்குக் காவலர் நாலு பேர்.”

“எனக்கு எதுக்குங்க? ஏதாவது வந்தா நானே சுருண்டுக்குவேன்.”

“சுருளுறதுக்கு விதியில இடமில்ல,” என்று சொல்லிக் கொக்கு கால் மாற்றி நின்றது.

மறுநாள் காலை நான்கு காட்டெருமைகள் வளைவாசலில் வந்து நின்றன. அவற்றின் தலைவன் வீரணன். தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் யாரோ மறந்துவிட்டுப் போன கறுப்புக் கண்ணாடி அதன் மூக்கில் இருந்தது. காதோரம் ஒரு மூங்கில் குழாய். அதற்குள் ஒரு சில்வண்டு. வண்டு கத்தும்போதெல்லாம் வீரணன், “சரி, சரி, நகர்றோம்,” என்று பதில் சொல்லும்.

முதல் நாள் சுருளியாண்டிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி வாங்களேன், சனங்க பாக்குறாங்க,” என்று கெஞ்சினார். மூன்றாம் நாள், “கொஞ்சம் நெருங்கி வாங்க,” என்றார். ஒரு வாரம் சென்றதும் பதினாறு கால்களுக்கு நடுவில் நடப்பதே நடை என்று அவருக்குப் பட்டது. எதிரே என்ன வருகிறதென்று அவர் பார்ப்பதில்லை, பார்த்தாலும் தெரியாது. காற்றில் மோப்பம் பிடிக்கும் பழக்கமும் விட்டுப்போயிற்று. மோப்பம் பிடிப்பது காவலர் வேலை என்றார்.

புற்றைத் தோண்டினாலும் உடனே நாக்கை நீட்டமாட்டார்.

“வீரணா, முதல்ல நீ ஒரு வாய் பாரு.”

வீரணன் பரம்பரையாகப் புல் தின்னும் குடும்பம். ஆயினும் கடமை தவறாது கரையானை நக்கி, கண்ணை மூடி யோசித்து, “உப்பு கம்மிங்க ஐயா. மத்தபடி அபாயமில்ல,” என்று சான்றளிக்கும்.

ஒரு நாள் நாவல் மரத்தடியில் பழம் ஒன்று அவர் முதுகில் விழுந்தது. காவலர்கள் நால்வரும் பாய்ந்து வளைத்ததில் அவர் மூச்சு முட்டிப் போனார்.

“அசையாதீங்க ஐயா. நாங்க இருக்கோம்,” என்றது வீரணன்.

அவர் மனைவி பொம்மக்காள் ஓடிவந்தாள். “என்னங்க இது கூத்து? அது நாவல்பழம்!”

“பழம்தான். விட்டெறிஞ்சது யாரு?” என்று கேட்டார் சுருளியாண்டி. அன்று முதல் பொம்மக்காள் தன் வளைக்குள் நுழைவதற்குமுன் கைகளைத் தூக்கிச் சோதனை கொடுக்க வேண்டியதாயிற்று. “இருபது வருசமா உங்க பக்கத்துல படுத்திருக்கேன்,” என்று அவள் சொன்னாள். “அதனாலதான் கூடுதல் கவனம்,” என்றார் அவர்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு வருத்தம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஒரு மாலை மெதுவாக அதை வெளியிட்டார்.

“வீரணா, எதிர் வேட்பாளர் மலையணிலுக்குக் கழுகு ஒண்ணு மிரட்டல் விட்டிருக்காமே?”

“ஆமாங்க ஐயா. மரமேறத் தெரியாததால அவரோட காவலருங்க மரத்துக்குத்தான் காவல் நிக்கிறாங்க. பாவம்.”

“எனக்கு ஒண்ணும் வரலையா?”

“இல்லைங்க ஐயா.”

“ஒண்ணுகூடவா?”

வீரணனுக்கு மனம் இளகிவிட்டது. “நேத்து ஓர் ஆந்தை உங்களை முறைச்சுப் பாத்துச்சுங்க.”

“ஆந்தை எல்லாரையும் அப்படித்தானே பாக்கும்,” என்று சுருளியாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் கரையான் தொடவில்லை.

இந்த மனக்குறையோடு இருந்தபோதுதான் கொக்கு சுற்றறிக்கை வாசித்துவிட்டுப் போயிற்று: தோற்றவரின் காவலர்கள் முடிவு அறிவித்த மாலையே திரும்பப் பெறப்படுவர். யாரும் பாராதபோது சுருளியாண்டி வளையின் மூலையில் சுருண்டு பார்த்தார். முதுகு வளைந்தது, வால் வந்தது, தலை மட்டும் உள்ளே போக மறுத்தது. எத்தனை முறை முயன்றும், உடம்பு வளைந்த வாழைக்காய்போல நின்றதே தவிர, பந்து ஆகவில்லை. காட்டிலோ புலி இருந்தது. ஆகவே அவர் வென்றே தீர வேண்டும். வெல்லாவிட்டால் உயிர் தங்காது. படித்துறை என்ற சொல் அவர் பேச்சிலிருந்து அத்துடன் மறைந்தது.

வாக்களிப்பு நாள் வந்தது. முறை எளிது: வேட்பாளர்கள் ஆற்றங்கரையில் நிற்பார்கள், வாக்காளர் தமக்குப் பிடித்தவர் முன்னால் ஒரு கடுக்காயைப் போட வேண்டும். மலையணில் மரத்திலிருந்து இறங்காததால் அவருடைய காய்கள் உருண்டு ஆற்றில் போயின. சுருளியாண்டியின் முறை வந்ததும் முயல்களும் கீரிகளும் சருகுமான்களும் வரிசையாக வந்து, தாங்கள் ஒரு மாதமாகக் கூட்டங்களில் கண்டு பழகிய ஒரே முகத்தின் முன்னால் காய்களைக் குவித்தன. அந்த முகம் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தது.

வளையத்துக்குள் இருந்த சுருளியாண்டிக்குச் சத்தம் மட்டுமே கேட்டது. “தாக்குறாங்க! வீரணா, தாக்குறாங்க!”

“இல்லைங்க ஐயா. வாக்கு விழுது.”

“யாருக்கு?”

வீரணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டது. “அதாங்க ஐயா எனக்கும் குழப்பமா இருக்கு.”

கொக்குக்குக் குழப்பமில்லை. காய் எவர் முன்னால் கிடக்கிறதோ அவரே வென்றவர். வீரணன் நீர்த்துறைத் தலைவரானார். அவரும் ‘அவர்’ ஆனார். சுருளியாண்டிக்கு டெபாசிட் போயிற்று, புற்று பறிமுதல். பொழுது சாய்வதற்குள் பதினாறு கால்களும் நடந்து போய்விட்டன.

வெட்டவெளியில் அவர் தனியாக நின்றார். இவ்வளவு ஆகாயத்தை அவர் பார்த்து நாளாயிற்று. வளைக்குத் திரும்பும் வழி காவலருக்குத்தான் தெரியும் என்பதால், யாராவது வந்து அழைத்துப் போவார்கள் என்று காத்திருந்தார். வந்தது புலி.

சுருளியாண்டி கண்ணை மூடிக்கொண்டு, “யாரங்கே?” என்றார்.

“நான்தான்,” என்றது புலி.

அந்த நேரத்தில் புதரிலிருந்து பொம்மக்காள் பாய்ந்தாள். குட்டியைச் சுற்றிச் சுருள்வதுபோலக் கணவரை நடுவில் வைத்துத் தான் சுருண்டாள். புலி அந்தப் பெரிய பந்தை இங்குமங்கும் உருட்டியது; நகத்தால் சுரண்டியது; பல் கூசவே அலுத்துப் போய்த் தன் வழியே சென்றது.

பொம்மக்காள் பிரிந்து எழுந்தாள். “நாளைக்கும் வருவான். தினமும் உங்களைச் சுத்திக்கிட்டே கெடந்தா, கரையானை யாரு தோண்டுறது? இப்பவே என் கண்ணு முன்னால சுருளுங்க.”

அவர் முதுகை வளைத்தார். வாலைக் கொண்டுவந்தார். தலையை வயிற்றருகே கொண்டுபோய் நிறுத்தி, அவளை அண்ணாந்து பார்த்தார்.

“உள்ள யாரும் இல்லையான்னு சோதிச்சாச்சா?”

“அது உங்க வயிறுங்க!”

“இருந்தாலும் ஒருத்தர் பாத்துட்டுச் சொன்னா நல்லது.”

அவள் பார்த்தாள், யாரும் இல்லை என்றாள். நெருங்கிய உறவினர் சாட்சி செல்லாது என்றார் அவர். பொம்மக்காள், “அப்ப ஒண்ணு செய்யுங்க. விடியட்டும். அந்த வீரணன்கிட்டப் போங்க,” என்றாள்.

விடிந்ததும் போனார். புதிய தலைவர் வீரணன் நீர்த்துறை நடுவில் நின்றிருந்தார். தலைவருக்கும் விதிப்படி நான்கு காவலர். பழைய தோழர்கள் மூவர் சுற்றி நின்றனர். நான்காம் பக்கம், அவரே நின்றிருந்த இடம், திறந்து கிடந்தது. நூறு அலங்குகளின் எடையுள்ள அந்த உடம்பு அந்தத் திறந்த பக்கத்தைப் பார்த்துப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஐயா, வாங்க,” என்றார் வீரணன். “காலையிலிருந்து ஒரு தவளை என்னையே பாக்குது.”

நான்காம் காவலர் வேலைக்குச் சுருளியாண்டி கொடுத்த விண்ணப்பத்தைக் கொக்கு வாங்கிற்று. “தகுதி?”

“நாலு காவலருக்கு நடுவுல நின்ன அனுபவம்.”

“அது போதும்,” என்றது கொக்கு.

சுருளியாண்டி நான்காம் பக்கத்தில் போய் நின்றார். இடப்பக்கம் ஒரு காட்டெருமை, வலப்பக்கம் ஒரு காட்டெருமை, முதுகுக்குப் பின்னால் தலைவரே ஒரு காட்டெருமை. எதிர்க்கரைக்கு வந்த புலி, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. அப்போது மேலிருந்து ஓர் இலை உதிர்ந்து வீரணன் திமிலில் விழுந்தது. அவர் துள்ளினார்.

“அசையாதீங்க ஐயா. நாங்க இருக்கோம்,” என்றார் சுருளியாண்டி.

தண்ணீர் குடிக்க வந்த சருகுமான் ஒன்று தயங்கித் தயங்கி நெருங்கி, “அண்ணே, அந்தப் படித்துறை என்னாச்சு?” என்று கேட்டது.

“தள்ளி நில்லு. கையைத் தூக்கு,” என்றார் அவர்.

கறுப்புக் கண்ணாடியை வீரணன் அன்றே அவருக்குக் கொடுத்துவிட்டார், விலை வாங்கவில்லை. பறிமுதலான புற்று, வைகாசி முதல் நாளில் சுருளியாண்டியின் முதல் மாதச் சம்பளமாக அவரிடமே வந்து சேர்ந்தது. அதில் பாதியை அன்று மாலையே பொம்மக்காள், புலியிடமிருந்து காப்பாற்றிய கூலி என்று எடுத்துக்கொண்டாள். சேற்றைச் சின்னப் பிராணிகள் வழக்கம்போலக் குடித்தன.

நீதி: உயிர்மேல் ஆசையுள்ளோர் தேர்தலில் நில்லற்க, நின்று வென்றவர் பக்கத்தில் நிற்க.