எழுபது வளைவும் ரூட்டக்காவும்

இந்தியாவில் உள்ள அத்தனை ரோட்டையும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, எங்கள் தெருமுனை மாவு மில்லைத் தாண்டாமல் இருந்த ஒரே மனுஷி ரூட்டக்காதான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சொல்வேன் என்று எழுதுகிறேனே தவிர, நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசுகிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் எங்களில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால், வரிசையாக ஏழு வீடுகள் கொண்ட லைன் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். எழுபதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் பட்டறையில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிற வேலையில் இருந்தார். ரூட்டக்காவின் வீட்டுக்காரர் லாரி டிரைவர். எங்களுக்கெல்லாம் டிரைவர் அண்ணன். பம்பாய், கல்கத்தா என்று போனால் இருபது இருபத்தைந்து நாள் கழித்துத்தான் ஊருக்குத் திரும்புவார்.

அப்படித் திரும்பி வருகிற மனுஷனிடம் மற்ற பெண்கள் என்ன கேட்பார்கள்? உடம்பு சுகமா, ஏன் இளைத்துவிட்டீர்கள் என்று கேட்பார்கள். அக்கா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்கிற முதல் கேள்வி இது:

“ஏனுங்க, நாக்பூருக்கு முன்னால அந்தப் பாலத்தைக் கட்டி முடிச்சுட்டாங்களா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப ஆத்துக்குள்ள எறங்கியேதான் போனீங்களா? தண்ணி எவ்வளவு ஒசரம்?”

“சோத்தைத் திங்க உடு புள்ள!”

இப்படியே கேட்டுக் கேட்டு அவர் தலைக்குள் தேசம் முழுக்க ரோடு போட்டு வைத்திருந்தார். ரூட்டக்கா என்ற பேரே அப்படி வந்ததுதான். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அண்ணாந்து வெயிலைப் பார்ப்பார். “இந்நேரம் சோலாப்பூர் தாண்டியிருப்பாரு. தாண்டுனதும் ஒரு புளியமரம் இருக்குது. அதுக்கடியில வண்டிய ஓரங்கட்டிச் சோறாக்குவாரு.” குடம் நிரம்பி வழியும். பின்னால் நிற்கிற பாவாத்தாள், “ஏனக்கா, அண்ணன் சோறாக்குனது போதும். குடத்தை எடுத்தீங்கன்னா நாங்க எங்கூட்டுல சோறாக்குவோம்” என்பாள். பாவாத்தாள் மூன்றாவது வீடு. உடம்பும் பெரிசு, வாயும் பெரிசு.

ஊரில் யார் எங்கே போனாலும் அக்காவிடம்தான் வழி கேட்பார்கள். எதிர் வீட்டுப் பெண்ணை மேட்டூரில் கட்டிக் கொடுத்தபோது, பெண் வீட்டார் போகிற வேனுக்கும் அவரே வழி சொன்னார். லாரிக்காரரிடம் கற்ற வித்தையாயிற்றே! ஒரு செக்போஸ்ட்கூடக் குறுக்கே வராத வழியாகப் பார்த்துப் பொறுக்கிச் சொல்லிவிட்டார். தோட்டத்துத் தடம், ஏரிக்கரை, களத்துமேடு என்று சுற்றோ சுற்றென்று சுற்றிப் பெண் போய்ச் சேர்ந்தபோது, மாப்பிள்ளை மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தாராம்.

பெண்ணின் அப்பா சண்டைக்கு வந்தார். “வண்டில ஒரு பொண்ணும் ரெண்டு அண்டாவுந்தான் இருந்துச்சு. நாங்க எதுக்கும்மா செக்போஸ்ட்டுக்குப் பயப்படோணும்?”

“வழியில ஒருத்தனாச்சும் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டானுங்களா? அதை நெனச்சு சந்தோசப்படுங்க” என்றார் அக்கா.

இப்படிப்பட்டவர்தான் எங்களுக்கு மலைப் பயணம் ஏற்பாடு செய்தார்.

எங்கள் வீட்டுப் புழக்கடையில் நின்றால் கிழக்கே கொல்லிமலை தெரியும். நான் பிறந்த ஊரிலிருந்து பார்த்தாலும் அதே மலைதான். பிறந்ததிலிருந்து கண்ணெதிரே நிற்கிறது, ஒரு நாள்கூட மேலே போனதில்லை. கோடையில் எங்கேயோ தூரத்தில் மங்கலாக இருக்கும். புரட்டாசி மழை இரண்டு விழுந்து ஐப்பசி பிறந்துவிட்டால் ஒரே ராத்திரியில் கிட்டே வந்து நிற்கும். பச்சை தனியாக, பாறை தனியாகத் தெரியும். இடுப்பில் மேகம் சுற்றிக்கொண்டிருக்கும். எங்களைப் போன்ற பெண்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதென்றால் கல்யாணம், சாவு, பிரசவம், கோயில், இவ்வளவுதான். சும்மா பார்த்துவிட்டு வருவதற்கென்று ஓர் இடத்துக்குப் போகலாம் என்பது எங்கள் புத்தியில் படாத விஷயம்.

ஒரு நாள் பாதி விளக்கிய சட்டியோடு நின்றுகொண்டிருந்த என்னை அக்கா பார்த்துவிட்டார்.

“என்ன சாமி, மலைய முழுங்கிருவியாட்ட இருக்குது?”

“ஒண்ணுமில்லீங்க்கா. அங்க நின்னு பாத்தா நம்ம ஊடு தெரியுமோ என்னமோன்னு நெனச்சேன்.”

நான் சொன்னது அவ்வளவுதான். அக்கா என்னையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். “போய்ப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போவுது. வார ஆயுத பூசைக்கு மறுநாளு, நாம எல்லாரும் போறோம்” என்றார்.

அவர் நாள் குறித்ததில் ஒரு சூட்சுமம் இருந்தது. எங்கள் ஊர் லாரிகள் எந்தச் சீமையில் இருந்தாலும் ஆயுத பூஜைக்கு வீடு திரும்பிவிடும். வண்டியைக் கழுவி, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டிப் பூஜை போடுவார்கள். மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து, பேருக்கு நாலடி தூரம் ஓட்டி நிறுத்துவார்கள். அந்த நாலடியைத்தான் அக்கா மலை வரைக்கும் நீட்டிவிட்டார். “மொத ஓட்டம் மலைக் கோயிலுக்குன்னா வண்டிக்கு நல்லதுங்க மொதலாளி” என்று லாரி முதலாளியிடம் போய்ச் சொன்னார். சாமி பேரைச் சொன்னால் அவர் என்ன மறுக்கவா போகிறார்?

அதன் பிறகு ஆரம்பித்தது கூத்து. மலையில் வளைவு எழுபது. வாழைத்தார் ஏற்றி வருகிற டிரைவர்களை மடக்கி, ஒவ்வொரு வளைவும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அக்கா கேட்டுக்கொண்டார். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவள் என்பதால் எழுதுகிற வேலை எனக்கு.

“லோடு சமமா இல்லீன்னா வளைவுல வண்டி குடை சாஞ்சுரும்” என்று சொல்லி, தன்னையும் சேர்த்து எங்கள் பதினோரு பேரையும் வெல்ல மண்டிக்குக் கூட்டிப்போய்த் தராசில் ஏற்றினார். ஒரு தட்டில் நாங்கள், இன்னொரு தட்டில் எடைக்கல். மண்டிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். பாவாத்தாள் மட்டும் ஏற மாட்டேன் என்றாள்.

“எம்பட கனத்தை ஊருக்கெல்லாம் எதுக்குச் சொல்லோணும்? கண்ணு பட்டுரும்.”

“கண்ணு படாது பாவா. தராசுதான் ஒடையும். பையப் பையக் காலை வையி.”

கடைசியில் பாவாத்தாள் வலது பக்கம் என்றும், அவளுக்குச் சமமாக நானும் கடைசி வீட்டுப் பெரியம்மாவும் ஒரு குடம் தண்ணீரும் இடது பக்கம் என்றும் தீர்மானமாயிற்று.

அடுத்து ஒத்திகை. தலை சுற்றி வாந்தி வரக் கூடாதாம், உடம்பைப் பழக்க வேண்டுமாம். மத்தியானம் ஆம்பளைகள் பட்டறைக்குப் போனதும் வாசலில் இரண்டு வரிசை மணை போட்டு எங்களை உட்கார வைப்பார். கையில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். முன்னால் அக்கா, ஸ்டியரிங்குக்கு ஒரு முறம். “பாம் பாம்” என்று வாயாலேயே ஹாரன் அடிப்பார். “பதினேழாவது வளைவு, எடதுபக்கம்! சாயுங்க! ஏ பாவா, நீயி அந்தப் பக்கம் சாஞ்சா நாங்க எல்லாரும் பள்ளத்துல கெடக்க வேண்டியதுதான்!” தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, யாருக்குச் சாமி வந்திருக்கிறது என்று விசாரிப்பார்கள்.

முதல் வருஷம் மலைப்பாதையில் பாறை சரிந்துவிட்டது, போகவில்லை. இரண்டாம் வருஷம் டிரைவர் அண்ணன் ஒரிசாவில் அச்சு முறிந்து நின்றுவிட்டார், பூஜைக்கே வரவில்லை. அந்த வருஷம் அக்கா மூன்று நாள் குழாயடிக்கு வரவில்லை. நாலாம் நாள் நான் போய்ப் பார்த்தேன். எனக்கு ஆறுதல் சொல்லவும் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவராகவே சொன்னார்:

“எத்தனை ரோடு தெரிஞ்சு என்ன சாமி? ஒரே ஒரு ரோட்டுல அவரு பக்கத்துல உக்காந்து போவோணும். அவ்வளவுதான் எனக்கு.”

மூன்றாம் வருஷம் டிரைவர் அண்ணன் வண்டி ஓட்ட, உண்மையாகவே கிளம்பிவிட்டோம். புளிச்சோறு, தயிர்ச்சோறு, எலுமிச்சம்பழம், தண்ணீர்க் குடம். லாரிப் பெட்டியில் அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். அக்காவும் பின்னால்தான், லோடு ஒழுங்காக இருக்கிறதா என்று மேல்பார்வை. சேந்தமங்கலம் தாண்டியதும் மலை கண்ணை அடைத்துக்கொண்டு நின்றது.

அடிவாரத்தில் ஒரு மூங்கில் குறுக்கே கிடந்தது. செக்போஸ்ட்.

ஊரில் உள்ள செக்போஸ்ட்டுக்கெல்லாம் சுற்றுவழி சொன்ன அக்கா வெலவெலத்துப் போனார். வாழைத்தார் வண்டிக்குத் தானாகத் தூக்கிவிடுகிற மூங்கில் அது, அதனால் எந்த டிரைவரும் அதைப் பற்றிச் சொல்லவே இல்லை. மலைக்கு இருப்பதோ ஒரே பாதை. எங்கே போய்ச் சுற்றுவது?

செக்போஸ்ட்காரர் எட்டிப் பார்த்தார். “சரக்கு வண்டில ஆளுங்கள ஏத்தி மலைக்கு உட முடியாதும்மா. டிரைவர் ஒருத்தர், கிளீனர் ஒருத்தர். மத்தவங்க எறங்குங்க.”

கெஞ்சிப் பார்த்தோம், சாமி பேரையும் சொல்லிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் இறங்கினோம். அண்ணனும் தனியாகத்தான் வந்திருந்தார், கிளீனர் யாரும் இல்லை. ஆக, ஒரே ஓர் இடம்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “நீ ஏறு சாமி.”

‘சரீங்க்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பத்துப் பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் வரலீங்க்கா, எனக்குத் தலை சுத்தும்” என்றேன். இன்றைக்குப் பேரன் கார் வைத்திருக்கிறான், எனக்கு முழங்கால் போய்விட்டது. அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று யாருக்கும் தெரியாது.

அக்கா மறுபடியும் என்னைக் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் பாவாத்தாள் அவரைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டாள். “இவங்கதானுங்க கிளீனரு!”

“பொம்பளையா?” செக்போஸ்ட்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கிளீனர்னா சொல்லும்மா பாக்கலாம். ஏத்தத்துல வண்டி நின்னுபோச்சுன்னா?”

“குதிச்சு எறங்கிப் பின் டயருக்குக் கட்டை போடோணுமுங்க. ஏன் நின்னுச்சுன்னு அப்பறந்தான் கேக்கோணும்.”

“எறக்கத்துல?”

“ஏறுன கியர்லயே எறங்கோணுமுங்க. நூட்ரல் பண்ணுனவன் ஊடு போய்ச் சேர மாட்டான்.”

“வளைவுல எதுத்தாப்புல வண்டி வந்தா?”

“ஏறுற வண்டிக்குத்தான் வழி. எறங்குறவன் நிக்கோணும். ஏனுங்க, இன்னும் கஷ்டமாக் கேளுங்க.”

செக்போஸ்ட்காரர் டிரைவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன், “சோத்தைத் திங்க உடாமக் கேட்டே கத்துக்கிச்சுங்க” என்றார். மூங்கில் மேலே போனது.

அத்தனை கேள்விக்கும் பதில் சொன்ன அக்காவுக்கு லாரிக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. எந்தப் படியில் எந்தக் காலை வைப்பது என்றும் தெரியாமல் நின்றார். அண்ணன் உள்ளேயிருந்து கதவைத் திறந்து கையை நீட்டினார். அவர்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டதை நாங்கள் பார்த்ததே இல்லை. வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பினோம். உடனே திரும்பவும் பார்த்தோம்.

வண்டி மேலே ஏறிப் போய்விட்டது. நாங்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். மேலே முதல் வளைவில் ஹாரன் கேட்டது. கையில் சோற்றோடு பத்துப் பேரும் ஒரே சமயத்தில் இடது பக்கம் சாய்ந்தோம். அப்புறம்தான் என்ன செய்தோம் என்று தெரிந்து சிரிப்பான சிரிப்பு. ஆனாலும் விடவில்லை. அடுத்த ஹாரனுக்கு வலது பக்கம் சாய்ந்தோம். பதினோராவது வளைவு வரைக்கும் காதில் விழுந்தது. பன்னிரண்டாவதுக்காக எல்லோரும் வாய் மூடிக் காத்திருந்தோம். காற்றுதான் கேட்டது. பாவாத்தாள் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புளிச்சோத்துல காரம் சாஸ்தி” என்றாள்.

வெயில் தாழ்ந்த பிறகு வண்டி இறங்கி வந்தது. அக்காவைச் சூழ்ந்துகொண்டோம். அருவி பார்த்தீர்களா, கோயில் எப்படி, குளிருமா என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டோம்.

“என்னத்தைச் சொல்றது? ரோடுதான், வளைஞ்சு வளைஞ்சு போவுது. பூரா மேகம் மூடிக்கிச்சு, ஒண்ணுந் தெரியுல. நீங்க வராததுல ஒண்ணும் கொறைஞ்சு போவுல.”

நாக்பூர் பாலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர், தான் போய் வந்த ஒரே ரோட்டைப் பற்றிப் பேசியது இவ்வளவுதான். அன்றைக்கும் சரி, பிறகும் சரி, ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னதில்லை. மற்றவர்கள் நம்பிவிட்டார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், நம்பவில்லை.

திரும்பும்போது கேபினில் இடம் காலியாகவே இருந்தது. அக்கா பின்னால் ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“முன்னால உக்காரலீங்களாக்கா?”

“இங்கதான் காத்து நல்லா வருது.”

அவர் தலைமுடி முழுக்கப் பொடிப் பொடியாக ஈரம் இருந்தது. கீழே அன்றைக்கு ஒரு சொட்டு மழை இல்லை, அது மலை மேலிருந்த மேகத்தின் ஈரம். “தலை நனைஞ்சிருக்குதுங்க்கா, சளி புடிச்சுக்கும்” என்று சொல்லி, யாரையும் தொட்டுப் பேசிப் பழக்கமில்லாத நான் முந்தானையால் துவட்டிவிட்டேன். துவட்டுகிற சாக்கில் அந்த ஈரத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேந்தமங்கலம் வருகிறவரைக்கும் தலையைத் தூக்காமல், எனக்கு எட்டுகிற மாதிரி குனிந்தே உட்கார்ந்திருந்தார்.