குருவிக்குப் பட்டு கட்டிய மாமாவுக்கு

அன்புள்ள தனகோடி மாமாவுக்கு ஹேமநாத்தின் வணக்கம். அத்தை, தறி, உங்கள் முழங்கால் மூவரும் நலமா? உங்கள் கோபம் நலமாக இருப்பதாக அம்மா சொன்னாள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஏரியை மறுபடி பறவைகளுக்கு விட்டுக்கொடுக்க எங்கள் அறக்கட்டளை சீமைக்கருவேலத்தைப் பிடுங்கி அத்தியும் நாவலும் நட்டது. கூடு கட்டத் தேங்காய் நார் தாருங்கள் என்றுதான் வாட்ஸ்அப்பில் கேட்டேன். நீங்கள் பட்டு நூல் கழிவை மூட்டையாகக் கொண்டுவந்து, கல்யாணப் புடவைக்குத் தறியில் பாவு நூல் ஏற்றும்போது வைப்பதுபோல மஞ்சள் வைத்து, கன்று கன்றாகக் கட்டினீர்கள். "ஆரணிக் குருவிக்கு நாரா குடுப்ப? மானம் போவுதுடா!" என்றீர்கள். தெருவே கைதட்டியது.

போன ஞாயிறு ஒரு கொண்டைக்குருவிக் குஞ்சு, காலில் உங்கள் நூல் சுற்றித் தலைகீழாகத் தொங்கியது. இழுத்தால் கால் வரும், நூல் வராது. கொத்தாக வெட்டி, குஞ்சை ஹெல்மெட்டுக்குள் வைத்துக் கண்ணமங்கலம் மாட்டாஸ்பத்திரிக்கு வண்டியை விட்டேன். வழியில் போலீஸ்காரர், "தலைல போடறத ஏன்டா மடில வச்சிகினு போற?" என்றார். காட்டினேன். குஞ்சு அவர் கையில் எச்சமிட்டது. "ஜல்தி போய்த் தொலை" என்றார். டாக்டரோ, "மாடு எங்கப்பா?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அப்புறம் இழை இழையாக வெட்டி, "இன்னா நூலுப்பா இது, கத்திரிக்கே பேஜாரா கீது" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அறுந்துபோகாது என்று சொல்லித்தானே விற்கிறீர்கள்? அதுதான் கோளாறு. கால் பிழைத்தது.

வந்ததும் எல்லா நூலையும் அறுத்தெடுத்தேன். தெரு பார்க்கக் கட்டியதைத் தெரு பார்க்கத்தான் அறுக்க முடியும். அன்றிலிருந்து நீங்கள் ஏரிப்பக்கம் வரவில்லை. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற உங்களைக் கூப்பிடவில்லை; சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டேன். ஆனால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஒவ்வொரு கன்றையும் பேர் சொல்லித் திட்டுவீர்களே, அதற்குக் குழாய் கிடைக்கவில்லை.

முடிவாகச் சொல்கிறேன். ஏரிக்குள் பட்டு இழை ஒன்றுகூட வரக்கூடாது. இதில் மாமன் மருமகன் பார்க்க முடியாது.

அத்தைக்கு வணக்கம். தறிக்கும் ஒரு கும்பிடு.

உங்கள் தங்கை மகன்,
ஹேமநாத்

பின்குறிப்பு: நீங்கள் 'சோம்பேறி' என்று பேர் வைத்த அத்திக்கன்றில் ஒரு தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்திருக்கிறது. தையல் பூரா உங்கள் அரக்குச் சிவப்பு. உள்ளே குஞ்சுகள். தினமும் கால்களைப் பார்க்கிறேன், சிக்கல் இல்லை. அதை மட்டும் நான் அறுக்கவில்லை. அறக்கட்டளையில் யாருக்கும் சொல்லவுமில்லை. பறப்பதற்குள் வாருங்கள் மாமா. வந்து, சோம்பேறி என்று கத்தாதீர்கள். அது வேலையில் இருக்கிறது.