அம்மாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் பாட்டு

ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு பெரிய தீர்மானம் எடுத்தேன். அம்மாவுக்கு நன்றி சொல்லிவிடுவது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என் தங்கை வீட்டுக்குப் போகிறாள். போனால் திரும்ப மாட்டாள். நாங்கள் இருந்தது நான்காவது மாடி. அம்மாவின் முழங்கால்கள் இரண்டாவது மாடியிலேயே நின்றுவிடும். நான் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவன். நான் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது.

நன்றி சொல்வது எனக்கு வராது. எங்கள் வீட்டில் யாருக்குமே வராது. "சாப்பிட்டியா" என்போம். அதற்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று நம்பிக்கை.

என் மனைவி சொன்னாள்: "பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்த சொல்லுங்க. போதும்."

"என்ன ரெண்டு வார்த்த?"

"அதையும் நானே சொல்லணுமா? அப்ப நானே அத்தைக்குப் பிள்ளையாப் பொறந்திருக்கலாம்."

வேலையிடத்தில் ஒருவன் வழி காட்டினான். கம்ப்யூட்டரே பாடுமாம். அம்மாவைப் பற்றி நாலு விஷயம் எழுதிக் கொடுத்தால் போதும். அதுவே பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, ஒரு குரலை உண்டாக்கிப் பாடிவிடும். அப்போது அது புதிது. எனக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல் இருந்தது. வாயே திறக்க வேண்டாம்.

அன்று மாலையே உட்கார்ந்துவிட்டேன். குரலுக்கு வரிசையாகப் பெயர் இருந்தது. கனிவு, கம்பீரம், உருக்கம். உருக்கத்தை அழுத்தினேன். அடுத்து ஒரு கேள்வி வந்தது. 'உங்கள் தாய் உங்களுக்காகச் சத்தமில்லாமல் செய்த மூன்று காரியங்கள் எவை?'

இருபது நிமிடம் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா செய்தது எதுவும் சத்தமில்லாமல் நடந்ததாக நினைவில்லை.

"இந்தாம்மா," என்று சமையலறையிலிருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தேன். "இந்த வீட்டுல எனக்குத் தெரியாம எனக்காக என்னென்ன நடந்திருக்கு?"

"எதுக்கு?"

"பாட்டுக்கு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கேள்வியை ஒரு முறை படித்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள்.

"எழுதிக்கோங்க. குளிர் காலத்துல நீங்க அஞ்சரைக்கு வேலைக்குக் கெளம்பறப்ப சட்ட வெதுவெதுன்னு இருக்கும்ல?"

"ஆமா. நல்ல துணின்னு நெனச்சேன்."

"அடுப்புக்கிட்ட வச்சுச் சூடு பண்ணினது. அப்புறம், நைட் டியூட்டி முடிச்சுப் பகல்ல தூங்குவீங்க. ஒரு நாளாவது காலிங் பெல் அடிச்சு எழுந்திருச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அதுக்குள்ள துணி அடச்சு வச்சிருக்கும். மூணாவது, வேலைக்குப் போட்டுட்டுப் போற ஷூ. உள்ள மெத்துனு இருக்கும். கம்பளிய வெட்டிப் பாதம் மாதிரி தச்சு வச்சது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு மூன்றையும் தட்டினேன். இவ்வளவு செய்தவளிடம் முப்பது வருடமாக "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டிருக்கிறேனே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டி கட்டியாயிற்று. கீழே கார் வர கால் மணி நேரம் இருந்தது. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டேன். முன்னால் புல்லாங்குழல், பின்னால் வயலின், நடுவில் அந்த உருக்கம்.

அம்மா காதைக் கொடுத்துக் கேட்டாள். "யார்றா இந்தப் பையன்? நல்லாப் பாடறான். பெத்தவ குடுத்து வச்சவ."

"உனக்காகத்தாம்மா பாடறான்."

"என்னை அவனுக்கு எப்படித் தெரியும்?"

முதல் சரணம் வந்தது. விடியுமுன் எழுந்து என் சட்டைக்குச் சூடு தந்த தாயே என்று பையன் உருகினான்.

"விடியக்காலையிலயா?" என்றாள் அம்மா. "எனக்கு ஏழு மணிக்கு முன்னாடி கண்ணே தெறக்காதேடா."

இரண்டாம் சரணம். என் உறக்கம் கலையாமல் மணியின் நாவைக் கட்டிய தாயே.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த பெல்லா! அதுல துணி அடச்சிருந்தது தெரியாம நான் வெளிய முக்கா மணி நேரம் நின்னேன்டா! நாலு மாடி ஏறி வந்து! அழுத்தி அழுத்தி விரல் வீங்கிப் போச்சு!"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அம்மாவின் கைப்பையில் மாத்திரைகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். மிகவும் கவனமாக எண்ணினாள்.

மூன்றாம் சரணத்தை நிறுத்தப் போனேன். பட்டன் கிடைக்கவில்லை. கம்பளி வெட்டிப் பாதம் காத்த தாயே என்று பையன் உச்சத்துக்குப் போனான்.

"என்ன கம்பளி? சிவப்பா? ஓரத்துல கட்டம் போட்டதா?"

மனைவி மாத்திரைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"நாலு வருஷமா தேடறேன்! என் கம்பளிய நீ கால்ல போட்டா மிதிச்ச?"

பாட்டு முடிந்தது. வயலின் மட்டும் கொஞ்சம் இழுத்தது.

"சரி," என்றாள் அம்மா. "இதெல்லாம் உன் பொண்டாட்டி செஞ்சது. எனக்குன்னு ஒண்ணும் இல்லையாடா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தாள். கார் வர பத்து நிமிடம். தப்பிக்க வழியில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"எனக்கு ஒம்பது வயசு. வீட்டுல இருந்த ஒரே கடியாரத்தப் பிரிச்சுப் போட்டுட்டேன். நீ அடிக்கல. ஒண்ணர மாசம் பக்கத்து வீட்டுக் கதவத் தட்டி மணி கேட்டுட்டு வேலைக்குப் போன. நான் பாகத்த எல்லாம் தரையில பரப்பி வச்சிருப்பேன். நீ மிதிக்காம சுத்திச் சுத்தி நடப்ப. அதனாலதான்..." நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். "அதனாலதாம்மா நான் மெக்கானிக் ஆனேன்."

அம்மா என் தலையில் கை வைத்தாள்.

"அந்தக் கடியாரம் அதுக்கப்புறம் ஓடவே இல்லடா," என்றாள்.

படியிறங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு படிக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கார் போன பிறகு மனைவியும் நானும் வாசலில் நின்றோம்.

"வேணும்னே பண்ணினியா?"

"நடந்ததத்தான் சொன்னேன். அம்மா செஞ்சதுன்னு எழுதினது நீங்க."

"நீதான் செஞ்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா பாட்டு சரியா வந்திருக்கும். நீங்க வாயத் தெறந்திருக்க மாட்டீங்க. அத்தை பாட்ட மட்டும் கேட்டுட்டுப் போயிருப்பாங்க."

அம்மாவிடம் பேசிய வேகம் எனக்குள் இன்னும் மிச்சமிருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "நான் என்ன சொல்ல வரேன்னா, அந்தச் சட்ட, அந்த ஷூ எல்லாம்..."

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "ஒரே நாள்ல ரெண்டு பேருக்கா? ஒடம்பு தாங்காது. அப்புறம் சொல்லுங்க."

அப்புறம் சொல்லலாம் என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு அம்மா இறந்துபோனாள். அதற்கு மூன்று ஆண்டு கழித்து, ஒரு வாரக் காய்ச்சலில், என் மனைவியும் போய்விட்டாள். அந்த அப்புறம் வரவேயில்லை.

அவளுடைய போனில் படங்களைத் தேடியபோது அந்தப் பாட்டு கிடைத்தது. நம்முடையதுதானே என்று போட்டேன். அதே புல்லாங்குழல், அதே மூன்று சரணம். தேதியைப் பார்த்தேன். அம்மா தங்கை வீட்டுக்குப் போன மறுநாளே அவள் அதை மாற்றிப் பாடவைத்திருக்கிறாள். தாயே என்று வந்த இடத்திலெல்லாம் அவள் பெயர் இருந்தது.

நான் வாய் திறப்பேன் என்று அவள் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை.