இரண்டும் இடது கை

இந்த வீட்டிலிருந்து இனி யாரும் மலை ஏறக் கூடாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன். யாரும் என்றால் என் மனைவி. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். எனக்கு நாற்காலி மேல் நின்று பல்பு மாற்றுவதே மலையேற்றம்.

இதை நான் புகாராக எழுதவில்லை. கடைசியில் எனக்கு நல்லதுதான் நடந்தது. ஆனால் நடந்த விதத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் விபத்துப் பிரிவில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க, மனிதர்கள் விழுவதைப் பற்றிப் படிப்பதுதான் வேலை. குளியலறையில் விழுந்தவர். பேருந்தில் ஏறும்போது விழுந்தவர். இறங்கும்போது விழுந்தவர். ஏறாமலும் இறங்காமலும் நிறுத்தத்தில் சும்மா நின்று விழுந்தவர். சமதரையிலேயே இந்தக் கதி என்றால் மலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

என் மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். அவள் கைக்கு நல்ல பெயர். "வீடு எங்க? பசங்க என்ன படிக்கிறாங்க?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். வந்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பதில் சொல்வார். நடுவில், "எப்பம்மா குத்தப் போறே?" என்பார். "குத்தியாச்சு. பஞ்சை அழுத்திப் பிடிங்க" என்பாள். இந்த விவரத்தை நீங்கள் மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுடைய அண்ணன் தன் பழைய மலையேறும் கோல்கள் இரண்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். கார்பன் கோல்கள். ஒன்றைத் தூக்கினேன். தூக்கினேனா இல்லையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, அவ்வளவு லேசு. கைப்பிடிகள் மட்டும் பழசாகிப் பிசுபிசுத்துப் போயிருந்தன. தொட்ட கை கரிச்சட்டி தேய்த்த கையாகிவிட்டது.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை எங்க லேப்ல எல்லாரும் மலைக்குப் போறோம்," என்றாள். "பிடி மட்டும்தான் போயிடுச்சு. கடையில கொடுத்தா ரெண்டே நாள்ல மாத்திடுவாங்க."

கடைக்காரருக்கு இரண்டு நாள். என்னிடம் கொடுத்தால் இரண்டு வருடம். ஞாயிறு தானாகக் கடந்துபோகும். எனக்குள் விளக்கு எரிந்தது.

"கடைக்கு எதுக்கு? நானே மாத்தித் தர்றேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"இருக்கு. பாத்திருக்கேன்," என்றாள். "சரி, மாத்துங்க."

அவள் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அப்பா கட்டட வேலைக்காரர். சின்ன வயதில் நான் சுத்தியலைத் தொட்டால் பாம்பைத் தொட்டதுபோல் பதறிப் பிடுங்குவார். "இதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ போய்ப் படி." படித்தேன். அதனால் என் உடம்பில் உழைத்த இடம் என்று காட்ட பேனா பிடித்த விரலில் ஒரு சின்னக் காய்ப்பு மட்டுமே இருக்கிறது. இந்தக் கையை நம்பித்தான் நான் தாமதப்படுத்தும் திட்டத்தில் இறங்கினேன்.

புதன்கிழமை மாலை கோலை மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டேன்.

"பழைய பிடி வரவே மாட்டேங்குது. பசை போட்டு ஒட்டியிருக்காங்க. ஊற வைக்கணும். நாலஞ்சு நாள் ஆகும்."

"கொதிக்கிற தண்ணில ஒரு நிமிஷம் முக்கினா போதும்," என்று கெட்டிலோடு வந்தாள். முக்கினாள். துணி சுற்றி ஒரு திருகு. சோளத்தட்டையிலிருந்து தோகை உரிவதுபோல் பிடி கழன்று வந்தது.

"இன்னொண்ண நீங்க பண்ணுங்க."

பண்ணினேன். வந்துவிட்டது. எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "புதுப் பிடி வாங்கணுமே. அதெல்லாம் கிடைக்கிறதே கஷ்டம்," என்றேன்.

"நேத்தே வந்துடுச்சு."

"நேத்தா? கோலே நேத்துதானே வந்துச்சு?"

"அண்ணன் முன்னாடியே சொல்லிட்டான்," என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள்.

பிரித்தேன். ஒரு பிடியின் அடியில் எல் என்று ஆங்கில எழுத்து. இன்னொன்றைத் திருப்பினேன். அதிலும் எல். கடவுள் என் பக்கம் இருப்பது தெரிந்தது.

"அடடா," என்றேன், முடிந்தவரை வருத்தமாக. "கடைக்காரன் ரெண்டையும் இடது கைக்கே அனுப்பியிருக்கான். லெஃப்ட், லெஃப்ட். திருப்பி அனுப்பி, அவன் பாத்து, வேற அனுப்பி... மூணு வாரம் ஆயிடும்."

அவள் என்னைப் பார்த்தாள். வாயோரம் ஏதோ துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"அது லெஃப்ட் இல்லங்க. லார்ஜ்."

பட்டதாரி பிடியை மறுபடி திருப்பிப் பார்த்தார்.

"உனக்கு எதுக்கு லார்ஜ்? உன் கை குருவி மாதிரி இருக்கு."

"மலையில குளிரும். கையுறை போடுவேன்ல? எங்க, நீங்க பிடிச்சுக் காட்டுங்க."

பிடித்தேன். கச்சிதமாக இருந்தது. கையுறை போட்ட அவள் கை என் கை அளவுதான் இருக்கும் என்று நானே கணக்குச் சொன்னேன். "ஆமா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மிச்சமிருந்தது ஒட்டுவது. முடிக்கு அடிக்கிற ஸ்ப்ரேதான் இதற்கு நல்லது என்று போனில் பார்த்த வீடியோவில் சொன்னார்கள். ஈரமாக இருக்கும்போது பிடி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். காய்ந்ததும் பசையாகிப் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டில் அதெல்லாம் ஏது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒரு டப்பாவை மேசையில் வைத்தாள். துடைக்க ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்தாள். ரத்தம் எடுக்கிற தட்டுபோல் எல்லாம் வரிசையாக இருந்தது. பிறகு, "நீங்க பாருங்க, நான் துணி காயப் போட்டுட்டு வரேன்," என்று போய்விட்டாள்.

தனியாக இருந்தபோது எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. ஸ்ப்ரே அடிக்காமல் வெறுமனே செருகிவிட்டால்? பார்க்க நன்றாக இருக்கும். மலையடிவாரத்தில் பிடி கழன்று கையோடு வந்துவிடும். அவளும் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

உடனே என் அலுவலக மூளை விழித்துக்கொண்டது. அடிவாரத்தில் கழலாமல் பாதி மலையில் கழன்றால்? விபத்துக்கான காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவார்கள்? 'கணவர்' என்று எழுதுவார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலை, சதிகாரன் செய்யக் கூடாத வேலை. கோலின் மேல்பாகத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். நம்பிக்கை இல்லாமல் மறுபடி துடைத்தேன். மணிக்கட்டில் மாட்டுகிற வார் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பென்சிலால் குறித்தேன். பிடிக்குள் ஸ்ப்ரே அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே தள்ளு. நடுவில் தயங்கினால் தயங்கிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நான் வாழ்க்கையில் தயங்காமல் செய்த முதல் காரியம் அது. நேராக, அடிவரை போய் உட்கார்ந்தது. இரண்டாவதும் அப்படியே.

பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கை செய்தது. அப்பாவுக்கு உடனே போன் போட்டேன்.

"அப்பா, நான் ஒரு கம்புக்குப் பிடி மாத்தினேன்."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "கையில ஏதும் பட்டுக்கிட்டியா?"

"இல்லப்பா."

"ஆபீஸ்ல வேலை இருக்குல்ல?"

"இருக்குப்பா."

"அப்ப சரி," என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "ஆடாம இருக்கா?" என்று கேட்டார்.

"ஆடலப்பா."

"நல்லா பண்ணியிருக்கே."

அடுத்த நாள் மாலை என் மனைவி பிடியைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை.

"என் எடையைத் தாங்குமா?"

"தாங்கும்."

"எப்படிச் சொல்றீங்க? ஏறிப் பாத்தீங்களா?"

நியாயமான கேள்வி. விழுந்தவர்கள் எல்லாம் ஏறிப் பார்க்காமல் சொன்னவர்களை நம்பியவர்கள்தான். எங்கள் வீடு நான்காவது மாடி. கோல்களை எடுத்துக்கொண்டு கீழே போய்ப் படி ஏறினேன். மூன்றாவது மாடித் தையல்கார அக்கா வாயில் குண்டூசியோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, மறுபடியும் லிஃப்ட் நின்னுடுச்சா?"

"இல்லக்கா. சோதனை."

"உனக்கா, கம்புக்கா?"

"கம்புக்குத்தான்."

"ஓகோ, அப்படிச் சொன்னாளா," என்று சிரித்தார். "போன மாசம் இந்தப் படியிலதானே உக்காந்துட்டே? ஒரு சொம்பு தண்ணி குடிச்சியே."

வாயில் குண்டூசியோடு சிரிப்பதன் ஆபத்தைப் பற்றி அவருக்குச் சொல்ல விரும்பினேன். மூச்சு வரவில்லை.

மறுநாள் மனைவிக்கு வேறு சந்தேகம். "வெறும் ஆளைத் தாங்கிடுச்சு. முதுகுல பையோட ஏறினா?" பையோடு ஏறினேன். அதற்கு மறுநாள், "செருப்போட சோதிச்சா அது சோதனையா? மலைக்கு ஷூதானே போடுவாங்க?" என்று எனக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தாள். ஷூ போட்டு ஏறினேன். பிறகு நான்காவது மாடி போதாது, மொட்டை மாடி வரை. பிறகு காலையிலும். அடுத்த வாரத்தின் கடைசியில் மூன்றாவது மாடியை நிற்காமல் கடந்தேன். தையல்கார அக்கா கைதட்டினார். கம்புக்குத்தான் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு வந்தேவிட்டது. பிடிகள் என் பேச்சைத் தவிர எல்லார் பேச்சையும் கேட்டன. கடைசி முயற்சியாகச் சனிக்கிழமை நான் அறிந்த அத்தனை விழுதல்களையும் அவளுக்கு விவரித்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

காலையில், "பையைக் கீழ வரைக்கும் தூக்கிட்டு வாங்க. அப்படியே ஷூவும் போட்டுக்குங்க. கடைசியா ஒரு தடவை சோதிச்ச மாதிரியும் இருக்கும்," என்றாள்.

வாசலில் வேன் நின்றது. அவள் சகாக்கள் உள்ளே இருந்து கையசைத்தார்கள். கோல்களை அவளிடம் நீட்டினேன்.

"பாத்துப் போ. சீக்கிரம் வந்துடு."

அவள் வாங்கவில்லை. வேனுக்குள் கை விட்டு இன்னொரு ஜோடி கோல் எடுத்தாள். என்னுடையதை விட ஒரு சாண் குட்டை. பிடி ஒல்லி.

"அது யாருது?"

"என்னுது."

"அப்ப இது?"

"உங்களுது. லார்ஜ்."

"நான் எப்ப வர்றேன்னு சொன்னேன்?"

"ஷூ போட்டிருக்கீங்க. பை மாட்டியிருக்கீங்க. கையில கோல் வெச்சிருக்கீங்க. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? ஏறுங்க."

ஏறினேன். முதலில் வேன். பிறகு மலை.

நான் விழவில்லை. அவளும் விழவில்லை. வழியில் ஒரு இடத்தில் கால் சறுக்கியது உண்மை. இடது கோலை ஊன்றினேன், முழு உடம்பும் அந்தப் பிடியில் தொங்கியது. அது ஒரு நூல் கூட அசையவில்லை. அந்த நிமிஷத்தில், ஸ்ப்ரே அடிக்காமல் செருக நினைத்த ஒருவனை மனதுக்குள் திட்டிக்கொண்டேன். அவள் ஒன்றும் தெரியாததுபோல் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

உச்சியில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். காற்று சட்டைக்குள் புகுந்து வெளியே போனது. எவ்வளவோ கீழே, தீப்பெட்டிகளாக வீடுகள்.

"கோபமா?" என்றாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?" பாட்டிலை நீட்டினாள். "அன்னிக்கு லிஃப்ட் நின்னப்ப படியில உக்காந்துட்டீங்கல்ல, உங்க உதடு வெளுத்துப் போச்சு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. நீங்க தினமும் விழுந்தவங்களைப் பத்திப் படிக்கிறீங்க. நான் உக்காந்தே இருக்கறவங்க ரத்தத்தைப் பாக்கறேன். எனக்கும் பயம் இருக்காதா?"

நான் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும் என்று அப்பா மாடி மாடியாகச் செங்கல் சுமந்தார். அந்த நாற்காலியிலிருந்து என்னை எழுப்ப இவள் ஒரு வாரம் சந்தேகப்பட்டாள். இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நன்றிம்மா," என்றேன். "இனிமே நீ எதுவா இருந்தாலும் நேரா சொல்லு. நான் வர்றேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

"அதை விடுங்க. அண்ணன் ஒரு பழைய கூடாரம் தர்றேன்னான். ஜிப் மட்டும் பிஞ்சிருக்காம். உங்க கைதான் இப்ப நல்லா பழகிடுச்சே, தைச்சுத் தருவீங்களா? கீழ அந்த ஆறு தெரியுது பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு?"

ஆற்றைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. "தைச்சுடலாம்," என்றேன். "கூடாரத் துணி தடியா இருக்கும். நல்ல ஊசியா வேணும். எப்ப வாங்கப் போறே?"

"குத்தியாச்சு," என்றாள்.